கேமரா மாட்டுறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கறவங்ககிட்ட கேட்டீங்களா

மதுரைல 13 வருஷமா சிசிடிவி மாட்டுற வேலை பாக்குறேன். வீடு, மளிகைக்கடை, லேடீஸ் ஹாஸ்டல், கல்யாண மண்டபம், கோழிப்பண்ணை வரைக்கும் மாட்டிருக்கேன். போன் பண்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது "நாலு கேமரா போட எவ்வளவு ஆகும்". எங்கெங்க வைக்கக்கூடாதுன்னு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். அதனாலதான் இத எழுதுறேன், புதுசா கேமரா போடப் போறவங்களும் சரி, ஏற்கனவே போட்டு வச்சிருக்கறவங்களும் சரி, பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன், ஏன்னா இதுக்கப்புறம்தான் நான் வேலை பாக்குற விதமே மாறுச்சு. ஆறு வருஷம் இருக்கும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வேலைக்குப் போற வீடு, வயசான அம்மா ஒருத்தங்க, அவங்கள பாத்துக்க ஒரு அக்கா. ஹால்ல ஒரு டோம் கேமரா, அடுப்படி வாசலும் சேர்ந்து தெரியணும்னு சொன்னாங்க. நான் ஏணி மேல நின்னு ஸ்க்ரூ முறுக்கிக்கிட்டு இருக்கேன், அந்த அக்கா கீழ நின்னு அண்ணாந்து பாத்து "தம்பி, இது என்னய பாக்கவா"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கிறாரு, நான் "இல்லக்கா, வாசக்கதவுக்கு"ன்னு சொல்லிட்டேன். பொய்தான் சொன்னேன். அப்புறம் டெஸ்ட் பண்ண மொபைல்ல லைவ் ஓட விட்டா, அந்த அக்கா ஹால தாண்டுறப்பல்லாம் முந்தானைய இழுத்து தோள மூடிக்கிட்டுப் போறாங்க, பாட்டிக்கு சோறு ஊட்டுறப்ப நாற்காலியத் திருப்பிப் போட்டு கேமராவுக்கு முதுகு காட்டி உக்காந்துக்கிட்டாங்க. ரெண்டு மாசத்துல வேலைய விட்டு நின்னுட்டாங்க. வீட்ல ஒரு ஸ்பூன் கூட காணாமப் போகல. பிறகு சர்வீஸுக்குப் போனப்ப வீட்டுக்காரர் சொன்னாரு, "அம்மா இப்பல்லாம் சரியா சாப்பிட மாட்டேங்குறாங்க, அந்த அக்கா கதை சொல்லிக்கிட்டே ஊட்டுவாங்க, அது பழகிப்போச்சு"ன்னு. அவர் கேமரா வச்சதே அம்மா நல்லா இருக்கணும்னுதான்.

அதனால நான் இப்ப சைட் பாக்கப் போனா டேப்ப எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர எடுக்கச் சொல்வேன். எத்தனை கேமரா வேணுமோ அத்தனை வரி எழுதுங்க, ஒவ்வொரு வரியிலயும் அந்த கேமரா எதுக்குன்னு ஒரே வாக்கியத்துல வரணும். "ராத்திரி கேட்ட யாராவது ஏறிக் குதிச்சா தெரியணும்", "பைக் நிக்கிற இடம்", "கல்லாப்பெட்டி", இந்த மாதிரி. எழுதும்போது ஒரு இடத்துக்கோ பொருளுக்கோ பதிலா ஒரு ஆளோட பேரு வந்துச்சுன்னா, "லட்சுமி என்ன பண்றான்னு பாக்க", "பையன் படிக்கிறானான்னு பாக்க" அப்படின்னு வந்துச்சுன்னா, அந்த கேமராவ வாங்காதீங்க. அது கேமரா தீத்து வைக்கிற பிரச்சனை கிடையாது, உக்காந்து பேசித்தான் தீரும். எனக்கு இதனால வியாபாரம் குறையும், பரவால்ல. பச்சக்குழந்தைய ஆள்கிட்ட விட்டுட்டுப் போறவங்க, மறதி நோய் இருக்கற பெரியவங்க உள்ள வீடு, இங்கெல்லாம் நிஜமாவே தேவை இருக்கும், நான் அத மறுக்கல. ஆனா அங்கயும் பாத்துக்கறவங்களுக்குத் தெரிஞ்சுதான் வைக்கணும்.

எப்படிச் சொல்றதுன்னு நிறைய பேருக்குத் தெரியல, சங்கடமா இருக்குன்னு சொல்லாமலே விட்டுடறாங்க. மாட்டி முடிச்சப்புறம் சொன்னா அது தகவல்தான், மாட்டுறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் மரியாதை. "அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை ஹால்ல கேமரா வைக்கிறோம், அம்மா கீழ விழுந்தா ஆபீஸ்ல இருந்தே தெரியணும்னுதான், அடுப்படியும் நீங்க ரெஸ்ட் எடுக்குற ரூமும் அதுல தெரியாது, நானும் அவரும் மட்டும்தான் பாப்போம், பத்து நாள்ல தானா அழிஞ்சிரும், உங்களுக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க" அப்படின்னு சொன்னாப் போதும். மாட்டுன அன்னிக்கு மொபைல்ல லைவ் போட்டு அவங்க கைலயே குடுங்க, அவங்களே ஹால்ல நடந்து பாத்து எதுவரைக்கும் தெரியுது எங்க தெரியலன்னு புரிஞ்சுக்கட்டும். இத செஞ்ச ஒரு வீட்ல வேலை பாக்குற அம்மா "அப்ப நான் இந்த மூலைல உக்காந்து சாப்பிட்டா தெரியாதுல்ல"ன்னு கேட்டாங்க, வீட்டுக்காரம்மா "தெரியாதும்மா, நிம்மதியா சாப்பிடுங்க"ன்னாங்க. அந்த வீட்ல அவங்க இன்னிக்கும் வேலைல இருக்காங்க.

இப்ப கேமரா திருப்புற விஷயம். நம்ம ஊர் தெருவெல்லாம் பத்தடி பன்னெண்டடி அகலம், எதுத்த வீட்டு ஜன்னல் கை நீட்டினா எட்டும். இங்க வாசலுக்கு 2.8 எம்எம் லென்ஸ் புல்லட் கேமரா (குழாய் மாதிரி நீளமா இருக்கறது) வச்சா கிட்டத்தட்ட 100 டிகிரி அகலத்துக்குப் புடிக்கும், உங்க கேட்டோட எதுத்த வீட்டுத் திண்ணையும், மேல் மாடியில துணி காயப்போடற கொடியும் மொத்தமா வந்துரும். கடைக்காரங்க ஸ்டாக் இருக்குன்னு 2.8 தான் எடுத்துக் குடுப்பாங்க, நீங்க 6 எம்எம் கேளுங்க, அது பாதி அகலம்தான், ஆனா உங்க கேட்ல நிக்கிற ஆளோட முகம் தெளிவா இருக்கும். கேமராவ தெருவப் பாத்து நேரா வைக்காம சுவத்தோரமா பக்கவாட்டுல திருப்பி, உங்க கேட்டும் படியும் மட்டும் விழற மாதிரி கீழ சாய்ச்சு வைங்க.

எவ்வளவு திருப்பினாலும் எதுத்த வீட்டு ஜன்னல் ஒரு ஓரத்துல வரத்தான் செய்யும். அதுக்கு டிவிஆர்லயே, அதாவது கேமரா வீடியோவப் பதிஞ்சு வைக்கிற பெட்டியிலயே, பிரைவசி மாஸ்க்னு ஒரு செட்டிங் இருக்கு, கேமரா செட்டிங்குள்ள போய் ஆன் பண்ணி அந்த ஜன்னல் மேல மவுஸால ஒரு கட்டம் போட்டா லைவ்லயும் கருப்பாத்தான் தெரியும், ரெக்கார்டிங்லயும் கருப்பாத்தான் இருக்கும். பெரும்பாலான டிவிஆர்ல ஒரு கேமராவுக்கு நாலு கட்டம் வரைக்கும் போடலாம். இதையும் மோஷன் டிடெக்‌ஷன் ஏரியாவையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, நிறைய எலக்ட்ரீஷியனே குழப்பிக்கிறாங்க, மோஷன்ல ஒரு இடத்த விட்டா அந்த இடத்துல அசைஞ்சா அலாரம் வராது, அவ்வளவுதான், வீடியோல அந்த இடம் எப்பவும் போல தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். கட்டம் போட்டப்புறம் எதுத்த வீட்டுக்காரங்கள கூப்பிட்டு ஸ்க்ரீனக் காட்டிடுங்க. "பாருங்கண்ணே, உங்க ஜன்னல மறைச்சுட்டோம்"னு ஒரு வார்த்தை. எங்க ஏரியால சாயங்காலம் திண்ணையில உக்காந்து பூக்கட்டிக்கிட்டே ஊர்க்கதை பேசறதுதான் பொம்பளைங்களுக்கு அந்த நாளோட ஓய்வே, கேமரா வந்தப்புறம் அந்தப் பேச்சு நின்னு போன தெருவ நான் கண்ணால பாத்திருக்கேன். கேட்டா யாரும் சண்டை போடல, உள்ள போயிட்டாங்க அவ்வளவுதான்.

பாத்ரூம், துணி மாத்துற ரூம், ஜவுளிக்கடை டிரையல் ரூம், படுக்கையறை, ஹாஸ்டல்ல குளிக்கப் போற வழியப் பாத்து நேரா, இங்கெல்லாம் யார் சொன்னாலும் எவ்வளவு பணம் குடுத்தாலும் மாட்டக்கூடாது. யாரும் பாக்கலன்னு நம்பி ஒரு பொண்ணு குளிக்கிற, துணி மாத்துற மாதிரி அந்தரங்க நேரத்துல அவளப் படம் புடிச்சா பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவுல மொத தடவைக்கே ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், திரும்பவும் செஞ்சா ஏழு வருஷம் வரைக்கும் போகும். ஐடி சட்டம் 66இ பிரிவு ஆம்பள பொம்பள எல்லாருக்கும் பொருந்தும், அந்தரங்க உறுப்பு தெரியற மாதிரி சம்மதமில்லாம படம் புடிச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. மாட்டிக் குடுக்குற எங்களமாதிரி ஆளுங்களும் இத மனசுல வச்சுக்கணும்.

அடுத்து மைக். இப்ப வர்ற கேமரா நிறைய உள்ளயே மைக் வச்சுத்தான் வருது, பல நேரம் நீங்க கேக்காமலே ஆடியோ ஆன்ல இருக்கும். வீட்ல பேசுற கடன் விஷயம், பொண்ணு பாக்குற விஷயம், டாக்டர் சொன்னது, மாமியார் மருமக மனஸ்தாபம் அத்தனையும் ஹார்ட் டிஸ்க்ல போய் உக்காந்திருக்கும். திருடனப் புடிக்க அவன் குரல் தேவையில்ல. ஒவ்வொரு சேனலா போய் ஆடியோவ ஆஃப் பண்ணுங்க, பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் பேசிப் பாத்து பிளேபேக்ல சத்தம் வருதான்னு செக் பண்ணுங்க.

இப்ப பாஸ்வேர்டு. இதுலதான் நம்ம ஆளுங்க கோட்ட விடறாங்க, கேமரா வைக்கிற சுவத்த யோசிக்கிற அளவுக்கு சாவி யார்கிட்ட இருக்குன்னு யோசிக்கிறதில்ல. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், உலகம் பூரா கம்பெனி பாஸ்வேர்ட மாத்தாம விட்ட கேமராவையும் டிவிஆரையும் புடிச்சு தன் ஆள்படை மாதிரி வச்சுக்கிட்டு, அந்த வருஷம் அக்டோபர்ல அமெரிக்காவுல பெரிய பெரிய வெப்சைட்ட எல்லாம் பல மணி நேரம் முடக்குச்சு. அது பெருசா எதையும் உடைக்கல, அட்மின், 12345 மாதிரி அறுபது சொச்சம் பேர்-பாஸ்வேர்டு ஜோடிய வரிசையா போட்டுப் பாத்துச்சு, அவ்வளவுதான். அது எங்கயோ அமெரிக்கான்னு விட்டுராதீங்க. 2025 பிப்ரவரில குஜராத் ராஜ்கோட்ல ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரில பொண்ணுங்கள டாக்டர் பரிசோதிக்கிற ரூம் வீடியோ யூடியூப்லயும் டெலிகிராம்லயும் போச்சு, காசுக்கு வித்தாங்க. அங்க இருந்த பாஸ்வேர்டு அட்மின்123ன்னு பேப்பர்ல வந்துச்சு. ஆனா என்னைக் கேட்டா பாஸ்வேர்டு ரெண்டாவது தப்புதான், அந்த ரூமுக்குள்ள கேமரா போனதுதான் மொத தப்பு.

நீங்க செய்ய வேண்டியது இதான். மாட்டுற ஆள் கெளம்புறதுக்கு முன்னாடியே உங்க கையால புது பாஸ்வேர்டு போடுங்க, அவர அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டோம். மொபைல் ஆப்புல டிவிஆரச் சேக்குறப்ப மொதல்ல யார் அக்கவுன்ட்ல சேக்குறாங்களோ அவங்கதான் ஓனர், அவங்க மத்தவங்களுக்கு ஷேர் பண்ணலாம். வேகமா முடிக்கணும்னு நிறைய பேர் தன்னோட அக்கவுன்ட்ல சேத்துட்டு உங்களுக்கு ஷேர் குடுத்துட்டுப் போயிருவாங்க, நீங்க பாக்குற உங்க வீட்ட அவரும் எங்கயோ உக்காந்து பாக்க முடியும், அவர் நல்லவராவே இருந்தாலும் அவர் போன் தொலைஞ்சா என்ன ஆகும். அதனால உங்க போன் நம்பர்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி அதுலதான் சேக்கணும்னு சொல்லுங்க. ஆப்புக்குள்ள ஷேர்ங்கற இடத்துல யார் யார் இருக்காங்கன்னு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க, வேலைய விட்டுப் போன மேனேஜர், பிரிஞ்சு போன பார்ட்னர் எல்லாம் அதுல இருப்பாங்க. கடையில வாட்ச்மேன் பாக்கணும்னா அவருக்குத் தனி யூசர் போட்டு லைவ் மட்டும் குடுங்க, பிளேபேக்கும் பேக்கப்பும் வேண்டாம். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து இன்டர்நெட் வழியா நேரா டிவிஆருக்கு வர்ற வழி) போட்டிருந்தா எடுத்துருங்க, அந்த வழிய தானா தொறந்து விடுற யூபிஎன்பிய ஆஃப் பண்ணுங்க, ஆப்பு அது இல்லாமலே வேலை செய்யும்.

எத்தனை நாள் வச்சுக்கறதுங்கறது அடுத்த கேள்வி. ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 1 மெகாபிட்) பதிஞ்சா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, நாலு கேமராவுக்கு 43 ஜிபி, அப்ப 1 டிபி ஹார்ட் டிஸ்க் 20 நாளைக்கு மேல வரும், அப்புறம் பழச மேல புதுசு ஏறும். வீட்டுக்கு பத்துப் பதினஞ்சு நாள் தாராளம். பல டிவிஆர்ல எக்ஸ்பைரி டேன்னு இருக்கும், அதுல நாள் கணக்க போட்டுட்டா அதுக்கு மேல பழசு நிக்காது.

இந்த செட்டிங் மெனுவ தொறக்குறப்பல்லாம் எனக்கு சாத்தான்குளம் ஞாபகம் வரும். போலீஸ் அடிச்சதுல செத்துப்போன அப்பா மகன் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் 2020 ஜூன் 19ந்தேதி ராத்திரி வச்சிருந்த ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு. விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்டோட அறிக்கையில, ஹார்ட் டிஸ்க்ல 1 டிபி இடம் இருந்தும் தினமும் தானா அழியற மாதிரி செட் பண்ணி வச்சிருந்தாங்க, அதனால அந்த ராத்திரி புட்டேஜ் இல்லன்னு இருந்துச்சு. நம்ம வீட்ல வேலை பாக்குறவங்கள மாசக்கணக்குல பதிஞ்சு வச்சுக்கறோம், லாக்கப்புல ஒரு நாள் கூட நிக்கல. அந்த வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் சத்தத்தோட பதியற கேமரா வைக்கணும், 18 மாசம் சேத்து வைக்கணும், அந்த வசதி இல்லாட்டியும் ஒரு வருஷத்துக்குக் குறையக்கூடாதுன்னு சொல்லுச்சு. அதிகாரம் இருக்கற இடத்துல அதிக நாள், சத்தத்தோட. வீட்டுக்குள்ள கொஞ்ச நாள், சத்தமில்லாம. நான் கஸ்டமருக்கு செட் பண்றது இந்தக் கணக்குலதான்.

புட்டேஜ் கேட்டு யாராவது வந்தா அத எப்படிக் குடுக்குறது? போலீஸ் கேட்டா குடுங்க, சென்னைல மூன்றாவது கண்ணுன்னு அவங்களே தெருத் தெருவா வைக்கச் சொன்ன காலத்துல இருந்து நம்ம கேமராவால நிறைய கேஸ் முடிஞ்சிருக்கு. ஆனா டிவிஆரக் கழட்டிக் குடுக்காம, எந்தத் தேதி எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு எழுதி வாங்கிக்கிட்டு அந்தத் துண்ட மட்டும் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, நீங்களும் ஒரு காப்பி வச்சுக்கோங்க. டிவிஆர் மணி பத்து நிமிஷம் தள்ளி ஓடும், மாசாமாசம் சரி பாத்து வைங்க. பக்கத்து வீட்டுக்காரர் "நேத்து என் பொண்ணு யார் கூட வந்து இறங்குனான்னு பாக்கணும்"னு வந்தா குடுக்காதீங்க. ஒரு வயசு வந்த பொண்ணு தன் தெருவுல தன் வீட்டு வாசல்ல இறங்குறதுக்கு நம்ம கேமரா சாட்சி சொல்லத் தேவையில்ல.

வாட்ஸ்அப் குரூப்ல போடறது இன்னொரு கொடுமை. நான் மெயின்டனன்ஸ் பாக்குற ஒரு அபார்ட்மென்ட்ல, ரெண்டாவது மாடி வராண்டால ஒரு பையன் ஒவ்வொரு கதவா நின்னு பாத்துட்டுப் போற வீடியோவ "இவன யாருக்காவது தெரியுமா, உஷார்"னு குரூப்ல போட்டுட்டாங்க, அது அடுத்த தெரு குரூப்பு அதுக்கடுத்த குரூப்புன்னு போயிருச்சு. குழாய் ரிப்பேருக்கு வந்த பையன், டோர் நம்பர் தேடிருக்கான். பத்தொம்பது வயசு. மறுநாள் அவன் முதலாளியே செக்ரட்டரிக்கு போன் பண்ணி அழாத குறையா பேசினாரு. வீடியோவ டெலிட் பண்ணாங்க, அடுத்த தெருவுல இருக்கறத யார் டெலிட் பண்றது? அதனால அசோசியேஷன்ல கேமரா இருந்தா மீட்டிங்ல தீர்மானமே போட்டு வைங்க, யார் ரெண்டு பேரு பாக்கலாம், எப்ப பாக்கலாம், பாத்தா நோட்டுல எழுதணும், குரூப்ல போடக்கூடாதுன்னு. கீழ வாசல்ல "கேமரா இருக்கு"ன்னு போர்டு வைங்க, கூடவே கேள்வி இருந்தா கேக்க ஒரு நம்பரும் போடுங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் சட்டத்துக்கு 2025 நவம்பர்ல விதியும் வந்துருச்சு, படிப்படியா அமலுக்கு வருது. தனி ஆள் சொந்த வீட்டு உபயோகத்துக்கு வைக்கிறத அது விட்டுருச்சு, கடை, ஆபீஸ் மாதிரி எடத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

நீங்க கேமரா வச்சவரா இல்லாம, கேமராவுக்குக் கீழ இருக்கறவரா இருந்தா? கேக்கலாம், தப்பே இல்ல. "இதுல எங்க வீட்டுக்குள்ள தெரியுதா, கொஞ்சம் காட்டுறீங்களா"ன்னு மொதல்ல நேர்ல போய் கேளுங்க, பாதி இடத்துல அன்னிக்கே திருப்பி வச்சிருவாங்க, ஏன்னா அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. கேக்கலன்னா எழுத்துல குடுங்க. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ந்தேதி புட்டசாமி வழக்குல சுப்ரீம் கோர்ட்ல ஒம்போது நீதிபதியும் ஒரே குரல்ல சொல்லிருக்காங்க. ஒரே வீட்டுக்குள்ள கூட இது உண்டு, கொல்கத்தால ஒரு பூர்வீக வீட்ல சேர்ந்து இருந்த அண்ணன் தம்பிக்குள்ள, ஒருத்தர் சம்மதமில்லாம இன்னொருத்தர் வீட்டுக்குள்ள கேமரா வச்சது செல்லாதுன்னு கல்கத்தா ஹைகோர்ட் 2025ல சொல்லி, சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிடல.

கடைசியா பழைய டிவிஆர். எக்ஸ்சேஞ்ச்ல போடறப்ப ஹார்ட் டிஸ்க்கோட குடுத்துராதீங்க. போன வருஷம் எங்கிட்ட வந்த ஒரு பழைய டிவிஆர ஓடுதான்னு பாக்க டிவில மாட்டுனா, யாரோ ஒரு வீட்டு ஹாலு, தரையில ஒரு குட்டிப்பொண்ணு பிறந்தநாள் கவுனோட உக்காந்து பலூன் ஊதிக்கிட்டு இருக்கு, பக்கத்துல ஒரு தாத்தா சட்டை இல்லாம பேப்பர் படிக்கிறாரு. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, அது மூணு கை மாறி வந்த டிவிஆர். அங்கயே ஆஃப் பண்ணிட்டு டிஸ்க்க கழட்டி, கம்ப்யூட்டர்ல போட்டு முழுசா அழிச்சேன். டிவிஆர்ல ஃபார்மேட் குடுத்தா மட்டும் போதாது, ரெக்கவரி போட்டு எடுத்துருவாங்க. நாலு ஸ்க்ரூதான், கழட்டி உங்க பீரோலயே வச்சுக்கோங்க.